"நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு மென்பொருள் சொன்னால்

இந்த வாரம் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். மிலிந்த் டாம்பே 1997-ல் எழுதியது. குழுவாக வேலை செய்யும் மென்பொருள்களைப் பற்றியது. அதில் வரும் சூத்திரங்களை விட, ஆரம்பத்திலேயே அவர் கூச்சப்படாமல் போட்டிருக்கும் தோல்விப் பட்டியல்தான் எனக்கு மனசில் நிற்கிறது.

அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காகச் செய்யப்பட்ட ஒரு கணினிப் போர்க்களம் அது. ஹெலிகாப்டர்களை ஓட்டுவது மனிதர்கள் இல்லை. ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் ஒரு மென்பொருள் விமானி. எல்லோரும் ஓர் இடம் வரை சேர்ந்து பறந்து போக வேண்டும். அங்கே மற்றவர்கள் காத்திருக்க, வேவு பார்ப்பவர் மட்டும் முன்னே போக வேண்டும். அவர் பார்த்துவிட்டுச் சொன்னதும் மற்றவர்கள் கிளம்ப வேண்டும். இதுதான் திட்டம்.

ஒரு தடவை வேவு பார்க்கப் போன ஹெலிகாப்டர் மலையில் மோதி விழுந்துவிட்டது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். காத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் வந்து சொல்லவில்லை, அதனால் யாரும் நகரவில்லை.

இன்னொரு தடவை, வந்த காரியம் முடிந்துவிட்டது என்பதைக் குழுத் தலைவர் கண்டுகொண்டார். உடனே தளத்துக்குத் திரும்பிவிட்டார். தனியாக! மற்றவர்கள் போர்க்களத்திலேயே நின்றார்கள்.

இதில் யாரைக் குறை சொல்வது? ஒவ்வொரு விமானியும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. "சமிக்ஞை வரும்வரை காத்திரு" என்றால் காத்திருக்கிறது. "வேலை முடிந்தால் திரும்பு" என்றால் திரும்புகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் கெட்டிக்காரர்கள். சேர்த்துப் பார்த்தால் குழு என்ற ஒன்றே அங்கே இல்லை.

அந்த "குழு" எங்கே இருக்கிறது, அதை மென்பொருளுக்குள் எப்படி வைப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு. இன்று ஊரெல்லாம் ஏஜென்ட், ஏஜென்ட் என்று பேச்சாக இருப்பதால், இந்தப் பழைய கேள்வியைத் தூசு தட்டுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

முதலில், ஏஜென்ட் என்றால் என்ன?

முகவர் என்று அழகாக எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்.ஐ.சி.காரர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். ஏஜென்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

சாதாரண நிரலை நீங்கள் கூப்பிட்டால் அது வேலையைச் செய்து விடையைத் தரும், அதோடு சரி. ஏஜென்ட் அப்படி இல்லை. அதற்கு ஓர் இலக்கு கொடுத்து விட்டுவிடுவீர்கள். சுற்றிலும் நடப்பதைக் கவனித்து, அடுத்து என்ன செய்வது என்று அதுவே முடிவெடுக்கும். நிலைமை மாறினால் போக்கை மாற்றிக்கொள்ளும். வேண்டாத வேலையை மறுக்கவும் செய்யும்.

ஏன் ஒன்றுக்குப் பதிலாகப் பல? பெரும்பாலும் வேறு வழி இல்லாததால்தான். தகவல் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஓர் இடத்துக்கு அள்ளிக்கொண்டு வருவதற்குள் நேரம் போய்விடும். அந்த ஒரு கணினி படுத்துவிட்டால் எல்லாம் படுத்துவிடும். அதனால் வேலையையும் முடிவெடுக்கும் உரிமையையும் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம்.

பிரித்த உடனே இரண்டு கேள்விகள் வருகின்றன. எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது? எடுத்துக்கொண்ட பிறகு ஒருவருக்கொருவர் என்ன பொறுப்பு? முதல் கேள்விக்கு நல்ல விடை சீக்கிரமே கிடைத்துவிட்டது. இரண்டாவதுதான் படுத்தியது.

டெண்டர் விடும் கணினிகள்

முதல் கேள்விக்கு ரீட் ஸ்மித் 1980-ல் ஒரு விடை சொன்னார். ஒப்பந்த வலை நெறிமுறை என்று அதைத் தமிழில் சொல்லலாம். நமக்குப் பழகிய சொல்லில் சொன்னால், டெண்டர்.

ஒரு கணினியிடம் ஒரு வேலை இருக்கிறது. அதைத் தானே செய்ய முடியவில்லை, அல்லது வேறு யாராவது இன்னும் நன்றாகச் செய்வார்கள். அது ஓர் அறிவிப்பு வெளியிடும். யார் விண்ணப்பிக்கலாம், வேலை என்ன, ஒப்பந்தப்புள்ளியில் என்னென்ன சொல்ல வேண்டும், கடைசி நேரம் எது என்ற நாலும் அதில் இருக்கும். சும்மா இருக்கும் கணினிகள் வந்த அறிவிப்புகளைப் பார்த்து, தங்களுக்கு ஒத்துவருவதற்கு ஒப்பந்தப்புள்ளி போடும். அறிவித்தவர் ஒப்பிட்டுப் பார்த்து ஒருவருக்குக் கொடுப்பார். எடுத்தவர் வேலையைச் செய்து அறிக்கை அனுப்புவார்.

ஸ்மித் எடுத்துக்கொண்ட உதாரணம், ஒரு பரந்த பகுதியில் சிதறியிருக்கும் உணரிகள் சேர்ந்து வாகனங்களின் நடமாட்டத்தைக் கண்காணிப்பது. எந்த உணரி எங்கே இருக்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதை மையத்தில் யாரும் பட்டியல் போட்டு வைத்திருக்க வேண்டியதில்லை. டெண்டர் விட்டால் தெரிந்துவிடும். டெண்டரை எடுத்தவரே அந்த வேலையை மேலும் துண்டு போட்டு உள்-டெண்டர் விடலாம். அதாவது முதலாளி, ஒப்பந்தக்காரர் என்பது நிரந்தரப் பட்டம் இல்லை. ஒரு வேலையில் முதலாளி, இன்னொன்றில் ஒப்பந்தக்காரர்.

இந்த முறை நாற்பது வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. ஏஜென்ட்களுக்கான தரநிலைகளை வகுக்க 1996-ல் தொடங்கப்பட்ட ஃபிப்பா அமைப்பும் இதைத் தன் நெறிமுறைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன்படி, வேலையை ஏற்றுக்கொண்டவர் கடைசியில் "முடித்துவிட்டேன்" என்றோ "தோற்றுவிட்டேன்" என்றோ சொல்லியாக வேண்டும். நல்ல விதிதான்.

ஆனால் கவனித்துப் பாருங்கள். இது இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் கணக்கு. கொடுத்தவர், எடுத்தவர். பக்கத்தில் இன்னொரு துண்டு வேலையைச் செய்துகொண்டிருப்பவருக்கு இதில் இடமே இல்லை.

ஓர் உதாரணம். வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். மூன்று ஏஜென்ட்களுக்கு வேலை கொடுக்கிறீர்கள். ஒன்று ரயில் டிக்கெட் எடுக்க, ஒன்று அறை பதிவு செய்ய, ஒன்று அங்கே வண்டி ஏற்பாடு செய்ய. டிக்கெட் கிடைக்கவில்லை. அந்த ஏஜென்ட் உங்களிடம் "தோற்றுவிட்டேன்" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டது. நீங்கள் அதைப் பார்ப்பதற்குள், அறை ஏஜென்ட் திரும்பக் கிடைக்காத முன்பணத்தைக் கட்டிவிட்டது. விதியை யாரும் மீறவில்லை. காசு போச்சு.

முடிஞ்சது, முடியாது, தேவையில்லை

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிலிப் கோஹன், ஹெக்டர் லெவெக் இருவரும் 1991-ல் கூட்டுப்பணி பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அது வந்தது ஒரு தத்துவ இதழில். கணினிக்காரர்கள் எதற்குத் தத்துவ இதழில் எழுத வேண்டும்? "சேர்ந்து செய்வது" என்றால் என்ன என்பதையே முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது, அதனால்தான்.

அவர்களுடைய உதாரணம் சாலையிலிருந்து வருகிறது. போக்குவரத்தில் ஆயிரம் வண்டிகள் ஓடுகின்றன. ஒன்றோடொன்று மோதாமல், விதிகளை மதித்து, ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் ஓடுகின்றன. ஆனால் அவர்கள் "சேர்ந்து" போகிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். இப்போது இரண்டு வண்டிகள். முன்னால் போகிறவருக்கு வழி தெரியும், பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. சேர்ந்து போகலாம் என்று பேசிக்கொண்டு கிளம்புகிறார்கள். இது வேறு விஷயம், இல்லையா?

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி, அவ்வளவுதான். வித்தியாசம் எப்போது தெரியும்? ஏதாவது கோளாறாகும்போது. பின்னால் வருகிறவர் திடீரென்று வழியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வையுங்கள். தனக்கு இனி வழிகாட்டி தேவையில்லை என்று பேசாமல் ஒரு சந்தில் திரும்பிப் போய்விடலாமா? போனால் முன்னால் இருப்பவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தேடுவார், நிறுத்துவார், திரும்பி வருவார். சேர்ந்து போகிறோம் என்று சொன்ன பிறகு, விலகுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இதை அவர்கள் தர்க்க மொழியில் கறாராக எழுதினார்கள். பிழிந்து எடுத்தால் இவ்வளவுதான். ஒரு குழுவுக்குக் கூட்டு இலக்கு இருக்கிறது என்றால், மூன்றில் ஒன்று எல்லோருக்கும் பொதுவில் தெரியவரும் வரை யாரும் அதை விட்டுவிடக் கூடாது. ஒன்று, இலக்கு நிறைவேறிவிட்டது. இரண்டு, அது ஒருபோதும் நிறைவேறாது. மூன்று, அந்த இலக்கை எதற்காக எடுத்துக்கொண்டோமோ அந்தக் காரணமே போய்விட்டது. பேச்சுத் தமிழில் சொன்னால்: முடிஞ்சது, முடியாது, தேவையில்லை.

இந்த மூன்றில் ஒன்று ஓர் ஏஜென்டுக்கு மட்டும் தனியாகத் தெரியவந்தால்? அதன் வேலை முடிவதில்லை, மாறுகிறது. இலக்கைத் துரத்துவதை நிறுத்தலாம். ஆனால் அதற்குப் பதிலாக, இந்தச் செய்தியை எல்லோருக்கும் தெரியவைப்பது அதன் புது இலக்காகிவிடுகிறது.

திரும்பிப் போன அந்தக் குழுத் தலைவரை இப்போது நினைத்துப் பாருங்கள். "முடிஞ்சது" என்று அவருக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. விதிப்படி அவர் இன்னும் கிளம்பக் கூடாது. சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். "தலைவர் திரும்பும்போது செய்தி அனுப்பு" என்று யாராவது தனியாக ஒரு வரி சேர்த்தும் இதைச் சரிசெய்யலாம்தான். ஆனால் டாம்பே சொல்வதே, அப்படி ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒட்டுப்போட்டால் ஒட்டுகள் பெருகுமே தவிர அடுத்த ஓட்டை எங்கே வரும் என்று தெரியாது என்பதுதான். அதனால் அவர் ஸ்டீம் என்ற தன் அமைப்பில், கோஹனும் லெவெக்கும் சொன்ன பொது விதியையே ஏஜென்டுக்குள் வைத்தார். அதே விதித்தொகுப்பு ஹெலிகாப்டர் தாக்குதலுக்கும், படைகளை ஏற்றிச் செல்லும் வேலைக்கும், ரோபோகப் கணினிக் கால்பந்துக்கும் பயன்பட்டது. போரும் பந்தாட்டமும் வேறு வேறு. குழுவாக இருப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

பில்பாவோவின் கட்டுப்பாட்டு அறை

போர், பந்து எல்லாம் பாவனை. நிஜ உலகில் இது எங்கே உதவியது என்று கேட்டால், ஸ்பெயினின் மின்சாரக் கட்டமைப்பைச் சொல்வேன்.

உயர் அழுத்த மின்கம்பிகளில் எங்காவது கோளாறு என்றால், கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கைச் செய்திகள் மழையாகக் கொட்டும். ஒரே கோளாறு பல இடங்களில் பாதுகாப்புச் சாதனங்களைத் தட்டிவிடுவதால், எது மூலகாரணம், எது அதன் விளைவு என்று பிரிப்பது கடினம். வெளியே ஊர் இருட்டில் இருக்கிறது. பொறியாளருக்கு நேரம் கிடையாது.

ஐரோப்பிய ஆய்வுத் திட்டமான ஆர்க்கான், இபெர்ட்ரோலா என்ற மின் நிறுவனத்துக்காக இந்த வேலையைப் பல ஏஜென்ட்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1990-களின் நடுவில் பில்பாவோ நகரின் கட்டுப்பாட்டு அறையில் அது ஓடியது. கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து தகவலை எடுத்துத் தருவது ஓர் ஏஜென்ட். எச்சரிக்கைகளை அலசி, கோளாறு எந்தச் சாதனத்தில் என்று ஊகப் பட்டியல் போடுவது இன்னொன்று. மின்சாரம் போன பகுதி எது என்று வரையறுப்பது வேறொன்று.

இதில் ஓர் அழகான உறவு உண்டு. மின்சாரம் போன பகுதியைக் கண்டுபிடிக்கும் ஏஜென்ட் அந்தப் பகுதியைச் சொன்னதும், கோளாறு தேடும் ஏஜென்ட் தன் ஊகப் பட்டியலிலிருந்து அந்தப் பகுதிக்கு வெளியே இருக்கும் சாதனங்களை அடித்துவிடலாம். ஒருவருடைய அரைகுறை விடை இன்னொருவருடைய வேலையைப் பாதியாக்குகிறது. டெண்டரில் இது கிடைக்காது. ஏனென்றால் இருவரும் ஒருவருக்கொருவர் முதலாளியும் இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள்.

அந்தத் திட்டத்தில் இருந்த நிக் ஜென்னிங்ஸ் 1995-ல் எழுதிய கட்டுரை, சேர்ந்து வேலை செய்யும்போது என்னென்ன கெடலாம் என்பதை இந்த அமைப்பை வைத்தே விளக்குகிறது. வந்த எச்சரிக்கைகள் கோளாறைக் குறிக்கவே இல்லை என்று அலசும் ஏஜென்ட் கண்டுபிடிக்கலாம். அப்படியென்றால் மற்றவர்களின் தேடல் அனாவசியம். தன்னிடம் வரும் தகவலே சிதைந்திருக்கிறது என்று தகவல் தரும் ஏஜென்ட் கண்டுபிடிக்கலாம். அப்படியென்றால் மற்றவர்கள் தப்பான தகவலின் மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டும் ஒன்றில்லை என்பதுதான் ஜென்னிங்ஸ் சேர்த்த நுணுக்கம். முதலாவதில் இலக்கே போய்விட்டது, எல்லோரும் கலையலாம். இரண்டாவதில் இலக்கு அப்படியேதான் இருக்கிறது, கெட்டது திட்டம் மட்டும். கலையக் கூடாது, புதுத் திட்டம் போட வேண்டும். ஆகவே "நான் நிறுத்துகிறேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. எது போச்சு, இலக்கா திட்டமா என்பதையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பொறுப்போடு நடக்கும் ஏஜென்ட் குழுவையும், அவரவர் வேலையை மட்டும் பார்க்கும் குழுவையும் அவர் ஓட்டி ஒப்பிட்டார். நிலைமை மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில், பொறுப்புள்ள குழு வீணாகச் செய்த வேலை குறைவாக இருந்தது.

சொல்வதற்கும் செலவு உண்டு

"அப்படின்னா எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லிட வேண்டியதுதானே?" என்று தோன்றும். வாட்ஸப் குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்கு விடை தெரியும்.

செய்தி அனுப்ப நேரம் ஆகிறது. வாங்கிப் படிப்பவருக்கும் நேரம் ஆகிறது. போர்க்களத்தில் வானொலியைத் திறந்தால் எதிரிக்கும் கேட்கும். அதனால் டாம்பேயின் அமைப்பில் ஏஜென்ட் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போடும். மற்றவர்களுக்கு இது தெரியாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு? தெரியாவிட்டால் எவ்வளவு நஷ்டம்? இரண்டையும் பெருக்கினால் வருவது, சொல்வதற்கான செலவை விட அதிகமா?

சும்மா புரிவதற்கு, எண்களை நானே வைக்கிறேன். மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க 10 சதவீத வாய்ப்பு, தெரியாவிட்டால் 500 நஷ்டம். பெருக்கினால் 50. சொல்ல 5 தான் செலவு. அப்படியானால் சொல்லிவிடு. வாய்ப்பு 1 சதவீதம், நஷ்டம் 100 என்றால் பெருக்கம் 1 தான். அப்போது வாயைத் திறக்காதே. கிளம்புகிற வண்டியைப் பக்கத்தில் இருப்பவர் கண்ணாலேயே பார்க்கிறார் என்றால், கிளம்புகிறேன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நல்ல குழுக்களில் பேச்சு குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். எதைச் சொல்லாவிட்டால் கெடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. "எல்லோருக்கும் பொதுவில் தெரியவரும் வரை" என்று மேலே சுலபமாக எழுதிவிட்டேன். பொதுவில் தெரிவது என்றால், உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டும், அது எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிய வேண்டும், இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். செய்தி வழியில் தொலையலாம் என்றால் இது நடக்கவே நடக்காது. நான் சொன்னது உங்களுக்கு வந்ததா? "வந்தது" என்று நீங்கள் அனுப்பிய பதில் எனக்கு வந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஜோசப் ஹால்பெர்னும் யோராம் மோசஸும் இதைத் தர்க்கரீதியாக நிரூபித்து, விரிவான கட்டுரையை 1990-ல் வெளியிட்டார்கள். ஆகவே கோஹனும் லெவெக்கும் போட்ட விதியை நூற்றுக்கு நூறு நிறைவேற்ற முடியாது. எவ்வளவு நெருங்கினால் போதும் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

இறந்தவர் எப்படிச் சொல்வார்?

மலையில் மோதிய ஹெலிகாப்டரை மறந்துவிடவில்லை. "முடியாது" என்று சொல்ல வேண்டிய கடமை அதற்கு இருந்தது. ஆனால் சொல்ல ஆளில்லை. கடமை எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான்.

டாம்பே இதற்குச் சொன்ன வழி, யாருடைய வேலை யாரை நம்பி இருக்கிறது என்பதைக் குழுவே வெளிப்படையாக வைத்துக்கொள்வது. வேவு பார்ப்பவர் இல்லாமல் மற்றவர்கள் நகர முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தால், அவர் விழுந்ததைக் கண்டதும் "இனி இந்தத் திட்டம் நடக்காது" என்று மற்றவர்கள் தாங்களே முடிவுக்கு வரலாம். பிறகு அந்த இடத்தை நிரப்பத் தகுதியானவர் யார் என்று பார்த்து வேறொருவர் வேவு பார்க்கக் கிளம்பலாம்.

ஆனால் விழுந்ததைக் காண முடியாவிட்டால்? வலைப்பின்னலில் அதுதான் வழக்கமான நிலை. பதில் வரவில்லை என்றால் அந்தக் கணினி செத்துவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா, நடுவில் கம்பி அறுந்ததா என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. இதற்கு மென்பொருள் உலகம் கண்டுபிடித்த மருந்து குத்தகை. கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989-ல் கோப்பு அமைப்புகளுக்காக எழுதியது. உரிமையை நிரந்தரமாகக் கொடுக்காதே, ஒரு கெடுவுக்குக் கொடு. புதுப்பிக்காவிட்டால் அது தானாகவே காலாவதி ஆகட்டும்.

இன்று கிளவுடில் வேலை செய்பவர்கள் இதைத் தினமும் தொடுகிறார்கள். அமேசானின் எஸ்.க்யூ.எஸ். வரிசையிலிருந்து ஒரு நிரல் ஒரு வேலையை எடுத்தால், அது மற்றவர்கள் கண்ணிலிருந்து மறையும். எவ்வளவு நேரம்? நீங்கள் மாற்றாவிட்டால் 30 விநாடி. அதற்குள் முடித்து நீக்கவில்லை என்றால், வேலை மறுபடி வரிசையில் தென்படும், வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். அதாவது அங்கே "நான் பார்த்துக்கிறேன்" என்ற வாக்குக்கு ஆயுள் 30 விநாடி.

இதற்கும் ஒரு விலை உண்டு. முதல் ஆள் சாகவில்லை, மெதுவாக இருந்தார் என்றால், ஒரே வேலையை இரண்டு பேர் செய்துவிடுவார்கள். அதனால் இரண்டு தடவை செய்தாலும் ஒரு தடவை செய்த விளைவே வரும்படி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். அறைக்கு இரண்டு தடவை முன்பணம் கட்டும் ஏஜென்ட் ஆகாது. ஒரே பதிவு எண்ணுக்கு இரண்டாவது தடவை வந்தால் "இது ஏற்கெனவே ஆச்சு" என்று தெரிந்துகொள்ளும் ஏஜென்ட் வேண்டும்.

இன்றைய ஏஜென்ட்கள்

இப்போது பெரிய மொழி மாதிரிகளை வைத்துச் செய்யும் ஏஜென்ட்களுக்கு வருவோம். ஒரு தலைமை ஏஜென்ட் வேலையைத் துண்டு போடுகிறது, துணை ஏஜென்ட்களை ஏவுகிறது, அவை தனித்தனியாக உழைத்துவிட்டு வந்து பதில் சொல்கின்றன. டெண்டர் அறிவிப்பு இப்போது நல்ல மொழிநடையில் வருகிறது. மற்றபடி அமைப்பு பழையதுதான்.

2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்த ஏ-டு-ஏ நெறிமுறை, வெவ்வேறு நிறுவனங்களின் ஏஜென்ட்கள் பேசிக்கொள்வதற்கானது. அதில் ஒரு வேலைக்கு நிலைகள் உண்டு: நடக்கிறது, கூடுதல் தகவல் வேண்டும், முடிந்தது, தோற்றது, ரத்து, மறுப்பு. நம்முடைய மூன்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். "முடிஞ்சது" இருக்கிறது. "முடியாது" இருக்கிறது. "தேவையில்லை" என்பதற்கு ரத்து இருக்கிறது. ஆனால் ரத்து செய்யச் சொல்ல வேண்டியது வேலையைக் கொடுத்தவர். அது தேவையில்லை என்று கொடுத்தவருக்கு யார் சொல்வது?

எனக்கு இந்த மூன்றாவதுதான் இன்னும் தீராத கணக்காகத் தெரிகிறது. வேலை முடிந்ததா என்று பார்க்க, வேலை தெரிந்தால் போதும். முடியாது என்று உணரவும் வேலை தெரிந்தால் போதும். ஆனால் இனி தேவையில்லை என்று உணர, அது எதற்காக என்று தெரிந்திருக்க வேண்டும். "இந்த ஊரில் இந்தத் தேதிக்கு ஓர் அறை பதிவு செய்" என்று மட்டும் சொன்னால், கூட்டம் ரத்தான செய்தி அந்த ஏஜென்டின் கண்ணெதிரே கிடந்தாலும் அதற்கு ஒன்றும் உறைக்காது. அறைக்கும் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் சொல்லவே இல்லையே. கோஹனும் லெவெக்கும் தங்கள் வரையறையில் இலக்கோடு காரணத்தையும் சேர்த்தே எழுதியது இதற்காகத்தான்.

மனிதர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை வருகிறது, துணியை எடு என்று அனுப்பப்பட்ட பிள்ளை, மாடி ஏறுவதற்குள் வெயில் அடித்தால் கீழே பார்த்து "அம்மா, எடுக்கவா வேண்டாமா?" என்று குரல் கொடுக்கும். "துணியை எடு" என்று மட்டும் கேட்ட ஏஜென்ட் ஈரத் துணியை மடித்துக்கொண்டு வந்து, "முடிந்தது" என்று பெருமையாகச் சொல்லும்.

அதனால் நான் ஏஜென்ட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு துண்டோடும் நாலு விஷயத்தை எழுதி அனுப்பப் பழகிக்கொண்டிருக்கிறேன். இது எதற்காக. உன் விடையை நம்பி யார் காத்திருக்கிறார்கள். நிறுத்துவதானால் யாரிடம், என்ன காரணம் சொல்லி நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரத்தில் உன் குரல் வராவிட்டால் நாங்கள் வேறு ஆளைப் பார்ப்போம்.

நாலும் சேர்ந்து நாலு வரிதான் வரும். அதில் மூன்று, போர்க்களத்தில் நின்றுபோன அந்த ஹெலிகாப்டர்களுக்கும் தேவைப்பட்டவை. முதல் வரியை மட்டும் யாரும் கேட்பதில்லை. நாமாகத்தான் சொல்ல வேண்டும்.